நாற்பது தலை

இந்தக் காலத்து மனிதர்களிடம் ஒரு 'முடியாது' வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டுகிறார்கள், பல்லைக் காட்டுகிறார்கள், 'அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சு' என்கிறார்கள். வந்தவர் தெருமுனை திரும்புவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு மறந்துபோகிறார்கள். முன்பெல்லாம் முடியாது என்றால் முடியாது. கோபம் வரும், சண்டை வரும், நாலு நாள் பேச்சு இருக்காது. ஆனால் சுவர் எங்கே நிற்கிறது என்று தெரியும். இப்போது சுவர் என்று நம்பிச் சாய்ந்தால் அது துணித்திரையாக இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி இதைத்தான் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே இருந்தது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மருமகளும், மழையில் நனைந்த சட்டையை நாற்காலி முதுகில் விரித்துக்கொண்டிருந்த மகனும்தான். இரண்டு பேரும் பாதிதான் கேட்டார்கள். இந்தப் பாட்டு அவர்களுக்கு மனப்பாடம்.

மேஸ்திரிக்கு எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருஷம் கரணை பிடித்த கை. படிப்பு இரண்டாம் வகுப்பு. 'அதிலயும் பாதி நாள் வாத்தியார் வீட்டுச் சுவரைத்தான் பூசினேன்' என்பார். எழுதினதை நம்ப மாட்டார், அச்சடித்ததைச் சுத்தமாக நம்ப மாட்டார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் கண்ணால் பார்த்ததை மட்டும் கொஞ்சம் நம்புவார். அதுவும் காற்று இல்லாத நாளாக இருந்தால்.

"பதினோரு வீடு ஏறி இறங்கினேன் மாமா," என்றாள் மருமகள். "பதினோரு வீட்லயும் 'கண்டிப்பா அனுப்பறோம் டீச்சர்'னாங்க. உக்கார வெச்சு டீ வேற குடுத்தாங்க. இன்னைக்கு ஒரு பிள்ளைகூட வரலை."

"டீ குடுத்தப்பவே தெரிஞ்சிருக்கணும். அனுப்பறவ எதுக்கும்மா டீ குடுக்கறா? அனுப்பாதவதான் குடுப்பா."

மருமகள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்ன அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு டீச்சர். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. சின்ன டீச்சர் என்றால் இவள். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. அன்று காலை கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வரும் புதன்கிழமை ஆள் வந்து தலை எண்ணுவார். நாற்பது பிள்ளைகள் இருந்தால் இரண்டு டீச்சர். முப்பத்தொன்பது இருந்தாலும் ஒருவர்தான். கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும். கடைசியில் வந்தவள் இவள். போகவேண்டிய ஊர் பஸ்ஸில் அரை நாள் தூரம்.

இப்போது இருப்பது முப்பத்திரண்டு.

"அப்படி ஆயிட்டா நானும் டிப்போவுல மாறுதல் கேட்டுப் பார்க்கறேன்," என்றான் மகன். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். இஞ்சின் ஓடும்போது மட்டும் குரலை உயர்த்துவான், வீட்டில் மெதுவாகத்தான் பேசுவான். "வாலையும் கூட்டிட்டுப் போயிடலாம். நீங்களும் வந்துடுங்கப்பா."

வாலு என்பது பேத்தி. இரண்டாம் வகுப்பு. அவளுக்கு வைத்த பேர் வேறு, நிலைத்த பேர் இதுதான்.

"நான் எதுக்கு வர்றேன்? போறவங்க போங்க. வீடு எங்கயும் ஓடிப்போகாது, நான் கட்டினது," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி தட்டின் முன் உட்கார்ந்தார். டீயில் சர்க்கரை போடலாம் என்று டப்பாவைத் திறந்தார். மூடியில் மிளகாய்த்தூள் வாசம் நெடியடித்தது. இரண்டு தும்மல் வந்தது.

"பார்த்தியா? மிளகாய் டப்பா மூடி சர்க்கரைக்கு. சர்க்கரை மூடி மிளகாய்க்கு. பருப்பு டப்பா வாயைப் பொளந்துட்டுக் கெடக்கு. மூடி எதுக்கு எதுன்னு தெரியாதவ, ஊர்ப் பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறா? அதனாலதான் நான் வாலை மஞ்ச பஸ்ல ஏத்தினேன்."

இது பழைய புண். தன் பேத்தியைத் தன் மருமகள் வேலை பார்க்கும் பள்ளியில் சேர்க்கக் கூடாது, மஞ்சள் பஸ் வரும் தனியார் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து சாதித்தவர் மேஸ்திரி. மருமகள் வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக நறுக்கினாள், அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டு மேஸ்திரி பின்பக்கம் போனார். சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். நல்ல சுவர். மூன்று பேர் போய்விட்ட பிறகும் நிற்கும் சுவர். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் குடையை மடக்கிக்கொண்டே பெரிய டீச்சர் வந்து சேர்ந்தார். குண்டான பெண்மணி. சிரித்தால் வளையல் முதலில் சிரிக்கும்.

"மேஸ்திரி, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுது."

"தெரியும். மூணு எடத்துல."

"உள்ள வந்தே நாலு வருஷம் ஆச்சு நீங்க. எப்படித் தெரியும்?"

"ரோட்ல போறப்ப ஓட்டைப் பார்த்தாத் தெரியாதா? முகட்டுல ரெண்டு ஓடு நழுவியிருக்கு, மேக்கால ஒண்ணு உடைஞ்சிருக்கு."

"அதைத்தானே டீக்கடையில சொல்லிட்டிருக்கீங்க, நாலு வருஷமா?" பெரிய டீச்சர் வாசல் படியில் சாவகாசமாக உட்கார்ந்தார். "கூரை ஒழுகுது, கக்கூஸ் கதவு சரியில்லை, எம் மருமகளுக்கு மூடி போடத் தெரியாதுன்னு. கேக்கறவன் என்ன நினைப்பான்? மேஸ்திரியே சொல்றாரு, அவர் பேத்தியையே அங்க விடலைன்னு நினைப்பான். மழை பேஞ்சு போன பிள்ளைங்க பாதி, உங்க வாய் பேஞ்சு போன பிள்ளைங்க பாதி."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "நான் பொய் ஒண்ணும் சொல்லலையே."

"யாரு பொய் சொல்லச் சொன்னா? உங்க வாயால போன பிள்ளைங்க உங்க வாயாலயே திரும்பி வரட்டும். வந்து கூரையைப் பாருங்க, பிள்ளைங்களைப் பாருங்க. அப்புறம் எங்ககூட தெருவுக்கு வாங்க. ஒலிபெருக்கி கேட்டோம், தரலை. நீங்க சாரத்துல நின்னு கலவை கேட்டா மூணு தெருவுக்குக் கேக்கும்."

"வந்தா உள்ளதைத்தான் சொல்வேன்."

"சொல்லுங்க," என்றார் பெரிய டீச்சர். அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவர், அதனால் இருக்கலாம்.

ஏணியோடு பள்ளிக்குப் போன மேஸ்திரி முதலில் கூரையைப் பார்க்கவில்லை. பிள்ளைகளை எண்ணினார். பதிவேட்டில் முப்பத்திரண்டு என்று இருந்தது, அதனாலேயே எண்ணினார். செங்கல் எண்ணுகிற மாதிரி ஜோடி ஜோடியாக, ரெண்டு, நாலு, ஆறு என்று விரலை நீட்டிக்கொண்டு போனார். லாரியில் கல் இறங்கும்போது அவர்தான் எண்ணுவார். நூறு ஆனதும் அடுத்த கல்லைத் தனியாகத் தரையில் வைப்பார். அது அடையாளக் கல். எல்லாம் இறங்கின பிறகு அடையாளக் கல்லை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரியும். விவரம் இல்லாதவன் நூறைக் கணக்கில் சேர்ப்பான், தரையில் இருக்கும் அடையாளக் கல்லைச் சேர்க்க மறந்துவிடுவான். அதுவும் கல்தானே. எத்தனையோ சூளைக்காரனோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்.

முப்பத்திரண்டு சரியாக இருந்தது. அது அவருக்குச் சின்ன ஏமாற்றம்.

அடுத்த அறையில் மருமகள் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சேர்த்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குவியலாக டப்பா மூடிகள். நீலம், சிவப்பு, அலுமினியம், பிளாஸ்டிக்.

"பத்து மூடி இருக்கு. மூணு மூடியைக் காக்கா தூக்கிட்டுப் போச்சு," என்றாள். ஒரு பயல் காக்காவாகப் பறந்து வந்து மூன்றை அள்ளிக்கொண்டு ஓடினான். "மிச்சம்?"

"ஏழு!" கூரை ஓடு அதிர்ந்தது.

மேஸ்திரி அந்தக் குவியலைப் பார்த்தார். சிவப்பு மூடி அவர் வீட்டு மிளகாய்த்தூள் டப்பாவுடையது. விளிம்பில் பல் பதிந்த நீல மூடி பருப்பு டப்பாவுடையது. பல் வாலுவுடையது.

பெரிய டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். "சாமான் எதுவும் தர மாட்டேங்கறாங்க. வீட்லேர்ந்து மூடியைக் கொண்டாந்து சொல்லிக் குடுக்கறா. சாயங்காலம் எடுத்துட்டுப் போவா, காலையில கொண்டாருவா. இப்ப என்ன சொல்றீங்க மேஸ்திரி?"

மேஸ்திரி ஏணியை நிமிர்த்திப் பிடித்தார்.

"எடுத்துட்டு வந்ததைத் திருப்பி அதது டப்பாவுல சரியாப் போடத் தெரியலையே," என்று சொல்லிவிட்டுக் கூரை ஏறப் போனார்.

அன்று பள்ளி விட்டதும் மூன்று பேரும் தெருவில் இறங்கினார்கள். முன்னால் மேஸ்திரி, நடுவில் குடையோடு பெரிய டீச்சர், பின்னால் நோட்டோடு மருமகள். தூறல் விட்டிருந்தது. ஈரமான தெருவில் சைக்கிள் பழுதுபார்ப்பவன் பழைய டயரை எரித்த வாடை. முதல் முனையில் நின்று மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"கேளுங்க! நம்ம பள்ளிக்கூடத்துல நாப்பது தலை வேணும்! முப்பத்திரண்டுதான் இருக்கு! எட்டு குறையுது! கூரை ஒழுகிச்சு, ரெண்டு எடம் அடைச்சாச்சு, ஒண்ணு பாக்கி!"

"ஐயோ மேஸ்திரி," பெரிய டீச்சர் குடையால் அவர் முதுகைக் குத்தினார். "குறையுதுன்னு ஏன் கத்தறீங்க?"

"குறையலையா?"

ஜன்னல்கள் திறந்தன. இத்தனை வருஷம் வீட்டுக்கு வீடு போய்க் கொடுத்த துண்டுச்சீட்டுக்குத் திறக்காத ஜன்னல்கள்.

முதல் வீடு தையல்காரர் வீடு. அவர் மனைவி வாயெல்லாம் ஊசியோடு வந்து, ஊசியை எடுத்துவிட்டு, "கண்டிப்பா அனுப்பறோம் டீச்சர், உள்ள வாங்க, டீ..." என்று ஆரம்பித்தாள்.

"டீ வேண்டாம்," என்றார் மேஸ்திரி. "நீங்க அனுப்ப மாட்டீங்க. மாட்டேன்னு சொல்லிடுங்க, அடுத்த வீட்டுக்குப் போகணும்."

அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. "என்ன இப்படிச் சொல்றீங்க... ரெண்டும் பொண்ணு. அங்க கக்கூஸ் கதவு தாழ் விழாதாமே. பெரியவ பயப்படறா. இதை எப்படி டீச்சர்கிட்டச் சொல்றது?"

"இதைக் கேக்கத்தானே இவங்க மூணு வருஷமா உங்க வாசல்ல நிக்கறாங்க! தாழ் விழும். கதவைக் கொஞ்சம் தூக்கிப் போடணும், கீல் இறங்கிப்போச்சு. நாளைக்குக் காலையில மாத்திடறேன். வந்து நீங்களே உள்ள போய் தாழ் போட்டுப் பாருங்க. விழலைன்னா அனுப்பாதீங்க."

"நீங்க மாத்தறீங்களா?"

"பின்ன, அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு வரவா? அதுக்குள்ள உங்க பொண்ணு கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவா."

தையல்காரர் மனைவி சிரித்துவிட்டாள். நோட்டில் இரண்டு பேர் ஏறியது.

அதற்குப் பிறகு மேஸ்திரிக்கு வேலை பிடிபட்டுவிட்டது. அவர் யாரையும் வா என்று கூப்பிடவில்லை. ஏன் மாட்டேன் என்கிறாய் என்று மட்டும் பிடுங்கினார். பேக்கரியில் மாவு பிசைகிறவன், கை முழுக்க மாவோடு, "சின்ன டீச்சர் ரொம்பக் கோவக்காரங்களாமே, அடிப்பாங்களாமே," என்றான். சின்ன டீச்சர் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கத்துவா," என்றார் மேஸ்திரி. "அதை மறைக்க மாட்டேன். எனக்கு ஒரு காது மந்தமானதுல பாதி அவ புண்ணியம். ஆனா கை நீட்ட மாட்டா. கொசுவைக்கூட ஊதித்தான் விடுவா. அதனாலயே எங்க வீட்ல கொசு ஜாஸ்தி."

"மாமா!" என்றாள் மருமகள்.

"பார்த்தியா, இப்படித்தான் கத்துவா."

பேக்கரிக்காரன் மகன் வந்தான். காய்கறி வண்டிக்காரியின் மகள் வந்தாள். சனிக்கிழமை காலை கீல் மாற்றிய கையோடு போனதில் லாரி டிரைவர் வீட்டு இரட்டையர் வந்தார்கள். 'ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமே, எண்ண வர்றவன் ஒண்ணுன்னு எழுதிட்டா?' என்று மேஸ்திரி கவலைப்பட்டார். மத்தியானம் பெட்டிக்கடை நிழலில் நின்று ரொட்டியும் வாழைப்பழமும் தின்னும்போது கணக்கு முப்பத்தெட்டு.

"ரெண்டுதான் மேஸ்திரி," என்று பெரிய டீச்சர் வாழைப்பழத் தோலோடு கையை ஆட்டினார். "இஸ்திரிக்காரம்மா வீட்ல ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு கடவுள் விட்ட வழி."

இஸ்திரிக்காரம்மா சாமானியம் அல்ல. ஊரில் யார் சட்டையில் எந்த இடத்தில் எத்தனை பொத்தான் குறைகிறது என்று தெரிந்தவள். தள்ளுவண்டியில் கரிப்பெட்டியை ஓட்டிக்கொண்டே நிமிராமல் கேட்டாள். மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார். கூரை, கீல், கத்தல், மூடி.

"மூடி வெச்சுச் சொல்லிக் குடுக்கறாங்களா?"

"ஆமா. நானே பார்த்தேன். காக்கா தூக்கிட்டுப் போகும், மிச்சத்தைப் பிள்ளைங்க சொல்லும். நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறா." சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. மருமகள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

இஸ்திரிக்காரம்மா ஒரு காலரை மடக்கி அழுத்தினாள். ஆவி சீறிற்று.

"நல்லாச் சொல்லிக் குடுக்கறாங்க. கூரையும் அடைச்சாச்சு. கதவும் மாத்தியாச்சு. சந்தோஷம். உங்க பேத்தி எங்க படிக்குது பெரியவரே?"

பெரிய டீச்சர் வானத்தைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். மேஸ்திரிக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"தினமும் மஞ்ச பஸ்ல போகுதே, அது உங்க பேத்திதானே? நீங்க சாப்பிடாத சோத்தை எம் பிள்ளைக்குப் போடறீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. பொத்தானை எண்ணும் குரல்தான். "உங்க பேத்தி திங்கக்கிழமை அந்த வாசல்ல நின்னா, எம் பையன் அதுக்குப் பின்னால நிப்பான். இல்லைன்னா இல்லை."

நேருக்கு நேராக ஒரு 'இல்லை'க்கு ஏங்கின மனிதர். இப்போது கிடைத்தது. அவருக்குக் காது மடல் சூடாகியது.

திரும்பி வரும் வழியில் மருமகள்தான் முதலில் பேசினாள். "வாலை வற்புறுத்த வேண்டாம் மாமா. சிநேகிதிங்க எல்லாம் அங்க இருக்காங்க. எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"உனக்காக யாரு பண்றா?" என்றார் மேஸ்திரி.

ஞாயிற்றுக்கிழமை காலை வாலு வாசலில் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அம்மா பள்ளிக்கூடத்துக்கு வர்றியா?"

"ஏன்?"

"நீ வந்தா அம்மாவுக்கு இங்கயே வேலை. வரலைன்னா நீங்க மூணு பேரும் தூரமாப் போயிடுவீங்க."

"நீ?"

"நான் இங்க சுவரைப் பார்த்துட்டு இருப்பேன்."

வாலு இரண்டு கடலை தின்றாள். "அங்க பேசலாமா? மஞ்ச பஸ் ஸ்கூல்ல வாயில விரலை வெச்சுக்கணும். பேசலைன்னா பேட்ஜ் குடுப்பாங்க. எனக்கு இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் குடுக்கலை."

"அங்க ஒரே கூச்சல்தான். நான் கேட்டேன்."

"அம்மாவை டீச்சர்னு கூப்பிடணுமா?"

"ஆமா."

"வீட்லயும்?"

"வீட்ல அம்மாதான்."

"வாசப்படியில?"

மேஸ்திரி படியைப் பார்த்தார். "அது... காலு எந்தப் பக்கம் இருக்கோ அதைப் பொறுத்து."

அது அவளுக்குச் சரியாகப் பட்டது போலிருந்தது. கடலைத் தோலை ஊதிவிட்டு, "லீடர் ஆக்கினா வர்றேன். பேட்ஜோட," என்றாள்.

திங்கட்கிழமை மகன் டிப்போவுக்கு அரை நாள் லீவு போட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கி வந்தான். மேஸ்திரி அதை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "முத்திரை மங்கலா இருக்கே," என்றார். வாலு பள்ளி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால், சொன்ன சொல் தவறாமல், மடிப்புக் கலையாத சட்டையில் இஸ்திரிக்காரம்மாவின் மகன் நின்றான். முப்பத்தொன்பது, நாற்பது.

பேட்ஜ்தான் தகராறாகிவிட்டது. இரண்டாம் வகுப்புக்கு மட்டும் லீடரா என்று மற்ற நாலு வகுப்பும் கொடி பிடித்தன. பெரிய டீச்சர் சிரித்துக்கொண்டே அட்டையை வெட்டி, சிவப்பு மையால் எழுதி, வகுப்புக்கு ஒருவராக ஐந்து பேருக்கும் குத்திவிட்டார். ஒன்றாம் வகுப்புக்கு இஸ்திரிக்காரம்மா மகன். அவன் சட்டைக்கு அது பொருத்தமாக இருந்தது.

புதன்கிழமை விடிந்ததே மப்பாகத்தான். மூன்றாவது ஒழுகலை அடைக்க மேஸ்திரி ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏணியின் வால் பக்கத்தை வாலு பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அவள் செருப்பு வார் அறுந்தது. மேஸ்திரி அந்த ஒற்றைச் செருப்பைத் தன் சாமான் பைக்குள் கரணையோடு போட்டுக்கொண்டு, "மத்தியானம் தைச்சுத் தர்றேன், நட," என்றார். வாலு ஒரு கால் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். பேட்ஜ் இருந்ததால் அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

பத்து மணிக்கு எண்ண வந்தவர் வந்தார். ஒல்லியான மனிதர், நனைந்த ஷூ, கக்கத்தில் நோட்டு, காதில் பென்சில். பெரிய டீச்சர் ஏற்பாடு பலமாகச் செய்திருந்தார். ஐந்து லீடர்களும் கேட்டுக்கு மேலே இருந்த சின்னக் காங்கிரீட் பலகைக்குக் கீழே வரிசையாக நின்று வணக்கம் வைத்தார்கள். வந்தவர் குடையின் கீழே குனிந்தபடி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மேஸ்திரி கூரை மேல் இருந்தார். உடைந்த ஓட்டை எடுத்துவிட்டுப் புதுசை வைக்கப்போகும் நேரம். 'சத்தம் போடாம இருங்க' என்று பெரிய டீச்சர் கீழேயிருந்து சைகை காட்டியதால் அப்படியே குந்திக்கொண்டு, ஓடு இல்லாத ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். வந்தவர் பென்சிலால் ஒவ்வொரு தலையாகக் காட்டிக்கொண்டே போனார். ஒரு அறை முடிந்தது. அடுத்த அறை. இரட்டையர் முன்னால் நின்று கண்ணைக் கசக்கிவிட்டு இரண்டு என்றே எழுதினார். நல்ல ஆள்தான்.

"முப்பத்தஞ்சு," என்றார்.

"இல்லையே சார், நாப்பது," என்றார் பெரிய டீச்சர். "பதிவேட்டைப் பாருங்க. இன்னைக்கு யாரும் லீவு இல்லை. ஏம்மா, எண்ணும்மா!"

மருமகள் எண்ணினாள். பதற்றத்தில் முப்பத்திமூன்று வந்தது. மறுபடி எண்ணினாள். முப்பத்தைந்து. அவள் சட்டென்று எழுந்ததில், மடியில் இருந்த மூடிகள் கீழே விழுந்து உருண்டன.

"பதிவேட்டுல என்ன வேணா எழுதலாம் டீச்சர்," என்றார் வந்தவர். குத்தலாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார். "எனக்குத் தலைதான் கணக்கு." நோட்டை மூடப் போனார்.

மேஸ்திரியும் ஓட்டை வழியாக ஜோடி ஜோடியாக எண்ணிப் பார்த்தார். முப்பத்தைந்துதான். எழுதினவன் பொய் சொல்லலாம், தலை பொய் சொல்லாது. நாற்பது தலையில் ஐந்து எங்கே போகும்? மண்ணில் புதையுமா? அவர் ஓட்டின் மேல் எழுந்து நின்றார். தெருவைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். பலகைக்குக் கீழே, சாரலுக்கு நடுவே, கால்கள் மட்டும் தெரிந்தன. பத்துக் கால். ஒரு கால் வெறுங்கால்.

பெரிய டீச்சர் அவர்களிடம் சொன்னது இதுதான்: 'நான் சொல்ற வரைக்கும் எவளும் எவனும் அசையக் கூடாது.' சொன்னவர் மறந்துவிட்டார். நின்றவர்கள் மறக்கவில்லை.

"அடையாளக் கல்லை விட்டுட்டீங்க!" என்று கூரையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

எண்ண வந்தவர் நிமிர்ந்தார். ஓட்டை வழியாக நரைத்த தலை ஒன்று தலைகீழாகத் தொங்கியது.

"யாருங்க அது?"

"அவரு கூரை," என்று உளறினார் பெரிய டீச்சர்.

"தனியா எடுத்து வெச்ச கல்லும் கல்லுதான் சார்! அஞ்சு பேரைக் கேட்டுல நிக்க வெச்சுட்டு பெரிய டீச்சர் மறந்துட்டாங்க! அங்க பாருங்க, பத்துக் கால்! நான் எண்ணிட்டேன், நீங்களும் எண்ணுங்க!" சாரத்துக் குரல். மூன்று தெருவுக்குக் கேட்டது.

"ஐயோ என் புத்தி!" பெரிய டீச்சர் ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று ஒருவரும் நினைத்ததில்லை. சாரலில் சிவப்பு மை கரைந்து சட்டையெல்லாம் ஓடியிருந்தது. ஐந்து பேரும் விறைத்துப்போய் நின்றார்கள். வாலுவின் மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதைக்கூட அவள் விரட்டவில்லை.

"உள்ள வாங்கடி, வாங்கடா!"

"நீங்க அசையக் கூடாதுன்னீங்க," என்றாள் வாலு உதட்டை அசைக்காமல்.

"இப்ப அசையுங்க! ஓடுங்க!"

அவர்கள் உள்ளே நுழைய நுழைய, பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று எண்ண ஆரம்பித்தார்கள். முப்பத்தாறு! முப்பத்தேழு! கூரையில் மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். முப்பத்தெட்டு! தெருவில் யாரோ நின்று பார்த்தார்கள். முப்பத்தொன்பது! கடைசியாக இஸ்திரிக்காரம்மா மகன், நெஞ்சில் சிவப்பு மை வழிய, வீரன் மாதிரி வந்தான்.

"நாப்பது!"

எண்ண வந்தவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாப்பது. ரெண்டு டீச்சர்," என்று எழுதினார்.

மருமகள் கீழே உட்கார்ந்து மூடிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். வாலு ஓடிப் போய், "அம்..." என்று ஆரம்பித்து, காலைப் பார்த்து, "டீச்சர்!" என்று கட்டிக்கொண்டாள். சட்டையில் இருந்த சிவப்பு மை டீச்சர் சேலைக்கும் வந்தது. பெரிய டீச்சர் பேக்கரிக்கு ஆள் அனுப்பி ஒரு கூடை பன் வரவழைத்தார். பேக்கரிக்காரனே தூக்கிக்கொண்டு வந்தான்.

மேஸ்திரி புது ஓட்டை வைத்து அமுக்கி, பக்கத்து ஓட்டோடு பல் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். மருமகள் ஒரு பன்னும் டீயும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மாமா, அன்னைக்கு இஸ்திரிக்காரம்மாகிட்ட நான் நல்லாச் சொல்லிக் குடுக்கறேன்னீங்களே."

"வாய் தவறிடுச்சு," என்றார் மேஸ்திரி. டீயை ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை சரியா இருக்கு. யாரு போட்டது?"

"நான்தான்."

"ம்."

எண்ண வந்தவர் கிளம்பும்போது மேஸ்திரி வழியை மறித்தார். "பென்சில்ல எழுதியிருக்கீங்களே. அழிச்சிட மாட்டாங்க?"

"மழையில பேனா ஊறிடும் பெரியவரே. ஆபீஸ் போய் மையில எழுதிடுவேன்."

"போற வழியில நோட்டு நனைஞ்சா?"

"உள்ள பை இருக்கு."

"அங்க வாங்கறவன் ஒழுங்கா வாங்குவானா?"

"மாமா, விடுங்க, அவர் போகட்டும்," என்றாள் மருமகள். "அதான் நாப்பதுன்னு சொல்லிட்டாரே."

"இந்த வருஷம் நாப்பது. அஞ்சாவது முடிச்சு அடுத்த வருஷம் ஏழு பேர் போயிடுவாங்க. அதை யாரு நினைச்சுப் பார்த்தீங்க? பன்னு திங்கறீங்க."

"அடுத்த வருஷமும் நீங்கதானே தெருவுல வந்து கத்தப் போறீங்க?" என்றார் பெரிய டீச்சர், வாய் நிறையப் பன்னோடு.

மேஸ்திரி ஏணியைத் தோளில் ஏற்றி, சாமான் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு படியிறங்கினார். அறை வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகள் ஈரத்தோடு குவிந்து கிடந்தன. நின்றார். அந்த மனிதர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு போகட்டும். நாற்பது தலை என்றால் எண்பது செருப்பு இருக்க வேண்டும். ஜோடி ஜோடியாக எண்ணினார். முப்பத்தொன்பது ஜோடி, கடைசியில் ஒற்றையாக ஒன்று. மறுபடி எண்ணினார். எழுபத்தொன்பது.

"நான் சொல்லலை?" என்றார் யாரையும் பார்க்காமல். "ஒண்ணு குறையுது. எங்கயோ இடிக்குது."

உள்ளே நாற்பது பேரும் கத்திக்கொண்டிருந்த கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே அவர் கேட்டைத் தாண்டித் தெருவில் நடந்தார். கையில் பை ஆடியது. வார் அறுந்த சின்னச் செருப்பு ஒன்று, கரணைப் பிடிக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு, அவரோடு கூடவே போனது.